புகைபிடிக்கும் கைவேலைப் பைப்பில் புள்ளிப் பள்ளம், அடைப்பு, மூட்டில் வெளிச்சம்: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

செந்தூல்வாசி
வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கைவேலைப் பைப். பிரையர் மரம், அரைவளைவு, வழவழப்பு மெருகு, எபோனைட் (கெட்டி ரப்பர்) ஸ்டெம், அதாவது வாயில் வைக்கும் குழல். விலை 880 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கைக்கு வந்து மூன்று நாள், இன்னும் பற்றவைக்கவில்லை.

குறைகள் மூன்று. கிண்ணத்தின் இடப்பக்கம் ஊசிமுனை அளவில் மூன்று பள்ளம். தண்டின் (கிண்ணத்தோடு சேர்ந்த மரக்குழாயின்) அடியில் அரிசி அளவுக்கு ஒரு அடைப்பு, அதாவது பள்ளத்தை நிரப்பி மூடிய இடம், அதில் மட்டும் சாயம் ஏறவில்லை. ஸ்டெம்மும் தண்டும் சேருமிடத்தில், மேல்புறம் மட்டும், மயிரிழை போல வெளிச்சம் தெரிகிறது.

படம் அனுப்பிக் கேட்டதற்கு, வைத்துக்கொண்டால் 130 வெள்ளி திருப்பித் தருகிறேன், பற்றவைக்காமல் 14 நாளுக்குள் அனுப்பினால் முழுப்பணம் என்கிறார் செய்தவர். விற்பனைக்குப் போட்ட பக்கத்தில் இந்தக் குறைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வைத்துக்கொள்ளலாமா?

ஜெலுத்தோங்
தாராளமாக. அந்த மூன்று பள்ளமும் செய்தவர் கைக்குறை இல்லை, மரத்தின் குணம். பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்துக் குன்றுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா புதரின் வேர்க்கட்டி. பல பத்தாண்டுகள் கல்லையும் மணலையும் விழுங்கிக்கொண்டேதான் அது பருக்கும். அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, கடைந்து, கடைசி உப்புத்தாள் போடும்போதுதான் உள்ளே இருக்கும் பள்ளம் வாயைத் திறக்கும். வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மணல் பீய்ச்சிக் கரடாக்கிய பைப்புகள் நிறைய வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பைப் நிறுவனமான டன்ஹில் நூறு வருடத்துக்கு மேலாக விற்கும் ஷெல் வரிசை அப்படிக் கரடாக்கிய பைப்தான், அதைக் குறைச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை.

புகைக்கு வேண்டியது சுவர்க் கனமும் துளையும். கேலிப்பர் (அகலமும் ஆழமும் அளக்கும் கருவி) இருந்தால் கிண்ணத்தின் வெளி அகலத்தை எடுங்கள், உள் அகலத்தைக் கழியுங்கள், பாதியாக்குங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் ஊசிமுனைப் பள்ளத்துக்குக் கவலையே வேண்டாம். அதோடு, மாமாக் கடை மேசையில் பைப்பை வைத்து அழகு காட்டும் காலம், மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்த 2019 ஜனவரி 1-ஆம் தேதியே முடிந்துபோயிற்று. கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடிக்கிறவன் கையில் இருக்கும் புள்ளியை யார் எண்ணப் போகிறார்கள்?

காஜாங்_கடைசல்
திருப்பி அனுப்புங்கள். ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன மர விவரம் சரி, கணக்குத்தான் இடிக்கிறது. வழவழப்பு பைப் ஏன் விலை கூடுதல்? கட்டையைக் கடையும்போது பள்ளம் திறந்தால் செய்கிறவர் அதைக் கரடாக்கி விலை குறைத்து விற்பார், அல்லது விறகுக்குப் போடுவார். அந்த நட்டமும் சேர்ந்ததுதான் சுத்தமாக வந்த பைப்பின் விலை. இங்கே அடைப்பு வைத்த பைப்புக்குச் சுத்த பைப்பின் விலை கேட்டிருக்கிறார்கள். 130 வெள்ளி என்பது 15 விழுக்காடுகூட இல்லை. நாளைக்கு நீங்கள் கைமாற்றினால் வாங்குகிறவர் அந்த அடைப்பைக் காட்டியே முந்நூறு குறைப்பார்.

அடைப்புக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பள்ளத்தைத் திறந்து விட்டால் ஆழம் கண்ணுக்குத் தெரியும். அடைத்துவிட்டால் அடியில் இருப்பது குழியா, விரிசலா என்பது அடைத்தவருக்குத்தான் தெரியும். சூப்பர் குளூவில் பிரையர் தூளைக் கலந்து அடைத்திருந்தால் கறுப்பாக, கெட்டியாக இருக்கும். நீங்கள் சொல்வது போல வெளிறிச் சாயம் ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் புட்டிதான். அது கிண்ணத்தில் இருந்தால் சூட்டில் சுருங்கிக் கழன்று விழும். தண்டில் சூடு குறைவு, விழாது. ஆனால் தண்டு முனையிலிருந்து எத்தனை மில்லியில் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

செந்தூல்வாசி
முனையிலிருந்து 11 மில்லி. கிண்ணம் வெளியே 37, உள்ளே 20. தண்டின் வெளி அகலம் 15.

காஜாங்_கடைசல்
கிண்ணச் சுவர் எட்டரை மில்லி, அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. தண்டுதான். ஸ்டெம்மின் டெனன் (தண்டுக்குள் செருகும் முனை) போய் உட்காரும் துளை எட்டு எட்டரை மில்லி இருக்கும். அப்படியானால் அந்த இடத்தில் மரம் சுற்றிலும் மூன்றே கால்தான். 11 மில்லி என்றால் அடைப்பு சரியாக அந்தத் துளைக்கு மேல் நிற்கிறது. டெனனை முறுக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் அங்கேதான் விழும். அடைப்புக்குக் கீழே விரிசல் இருந்தால் பிளக்கும்.

புலாவ்_தீக்குஸ்
இருந்தால் என்றுதானே சொல்கிறீர்கள், பார்த்துவிட்டால் போயிற்று. பற்றவைக்காமலே எல்லாம் சோதிக்கலாம். ஸ்டெம்மை நேராக வலிக்காதீர்கள், மெதுவாக முறுக்கிக் கழற்றுங்கள்.

காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டு, துளையின் உள்சுவரில் அடைப்புக்கு நேரே ஒருமுறை தடவுங்கள். கைபேசி டார்ச்சை அடித்துக்கொண்டே காய்வதைப் பாருங்கள். நல்ல மரம் சில நொடியில் ஒரே சீராக வெளிறிவிடும். விரிசல் இருந்தால் சுற்றிலும் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரக்கறுப்பாக நிற்கும், ஏனென்றால் உள்ளே இறங்கிய ஆல்கஹால் தாமதமாகத்தான் ஆவியாகும். வெளிப்புறத்தில் இதைச் செய்யாதீர்கள். ஷெல்லாக் (அரக்கு) பூச்சாக இருந்தால் கரைந்து வெள்ளை பூக்கும், சாயமும் வந்துவிடும், அப்புறம் திருப்பி எடுக்க மாட்டார்.

அடுத்து மூட்டில் தெரியும் வெளிச்சம். ஸ்டெம்மை மாட்டி, கிண்ணத்தின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடி, உறிஞ்சிப் பாருங்கள். காற்று வராமல் உள்ளங்கை இழுபட்டு நின்றால் மூட்டில் கசிவில்லை. புஸ் என்று வந்தால் புகை நீர்த்துப்போகும்.

மூன்றாவது, டெனன் நீளத்தையும் துளை ஆழத்தையும் அளந்து போடுங்கள். சாத்தே குச்சியை மட்டமாக நறுக்கி விட்டால் ஆழம் தெரிந்துவிடும்.

காஜாங்_கடைசல்
சாத்தே குச்சி வேண்டாம் லா. அது 3 மில்லி, காற்றுத்துளை நாலு. நேரே உள்ளே நழுவிப் போய்த் தப்பான அளவு காட்டும். கேலிப்பரின் பின்னால் நீளும் கம்பியைத் துளையின் ஓரச்சுவரை ஒட்டி இறக்குங்கள், துளை குறுகும் படியில் முட்டி நிற்கும்.

செந்தூல்வாசி
செய்தாயிற்று. ஆல்கஹால் சீராகக் காய்ந்தது, கோடு எதுவும் இல்லை. உள்ளங்கைச் சோதனையில் கசிவில்லை. டெனன் 15.0, துளை 18.2. பைப் கிளீனர் (துளையைத் துடைக்கும் பஞ்சு சுற்றிய கம்பி) விட்டால் மூட்டுக்குள் ஓரிடத்தில் முட்டுகிறது, திருகித்தான் தள்ள வேண்டியிருக்கிறது.

புலாவ்_தீக்குஸ்
அப்படியானால் பள்ளம், அடைப்பு, வெளிச்சம் மூன்றும் கண்ணுக்குப் படும் குறைதான். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் தெரிவதால், தண்டின் முகமோ ஸ்டெம்மின் முகமோ ஒரு நூல் சாய்ந்திருக்கிறது. டெனன் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் காற்று போகவில்லை. டெனன் நீளமாகி அடியில் முட்டியிருந்தால் சுற்றிலும் இடைவெளி வந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றில்தான் கோளாறு. 18.2 கழித்தல் 15, உள்ளே 3.2 மில்லி வெற்றிடம். அரை மில்லிக்குள் இருக்க வேண்டியது. நாலு மில்லித் துளையில் வரும் சூட்டுப்புகை திடீரென்று அகன்ற அறைக்குள் விரியும்போது குளிர்ந்து நீர் விடும். பாதிக் கிண்ணத்திலேயே நீர் களகளக்கும் சத்தம் வரும். கிளீனர் முட்டுவதும் அந்தப் படியில்தான்.

ஜெலுத்தோங்
அதற்காகப் பைப்பையே வேண்டாம் என்பதா? பீட்டர்சன் நிறுவனத்தின் ‘சிஸ்டம்’ பைப்பில் வேண்டுமென்றே நீர்க்குழி வைத்துத்தான் கட்டுகிறார்கள். அதை விரும்பி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

காஜாங்_கடைசல்
அங்கே குழி புகை வழிக்குக் கீழே இருக்கிறது, அண்ணே. நீர் கீழே இறங்கும், புகை மேலே போகும், கிண்ணம் காலியானதும் கவிழ்த்துக் கொட்டிவிடலாம். இங்கே வெற்றிடம் புகை போகும் பாதையிலேயே குறுக்கே கிடக்கிறது. இறங்க இடமில்லாமல் நீர் ஸ்டெம்முக்குள்தான் ஏறும், நாக்கில் கசக்கும். கிளீனர் சுலபமாகப் போனாலாவது நடுவில் விட்டு உறிஞ்சலாம். இதில் போகாது. ஆத்திரத்தில் பிடிக்கிறவர் சூட்டோடு ஸ்டெம்மைக் கழற்றுவார். தண்டுகள் பிளப்பது அப்படித்தான், அடைப்பினால் அல்ல. நான் முன்னே சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்: விரிசல் இல்லை. விலைக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

ஜெலுத்தோங்
சரி, 3.2 அதிகம்தான். ஆனால் இது திருத்தக்கூடிய கோளாறு. டெல்ரின் (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாயில் மூன்று மில்லி வளையம் கடைந்து துளைக்குள் இறக்கினால் தீர்ந்தது. பள்ளமில்லாத வேறு கட்டை தேடுவதைவிட இது சுலபம்.

காஜாங்_கடைசல்
செய்தவர் செய்தால் சுலபம். வளையத்தின் உட்துளை காற்றுத்துளையோடு நேர்கோட்டில் நிற்காவிட்டால் கிளீனர் இரண்டு இடத்தில் முட்டும். புது டெனன் நீளமாகப் போடுவதுதான் ஒழுங்கான வேலை. அப்போதே தண்டின் முகத்தையும் மட்டமாக்கினால் வெளிச்சமும் போய்விடும். வீட்டில் உப்புத்தாளை மேசையில் போட்டுத் தண்டைத் தேய்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாயம் போகும், விளிம்பு உருளும், ஸ்டெம்மைவிடத் தண்டு சிறுத்துப் படி தெரியும்.

புலாவ்_தீக்குஸ்
நம்ம ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். காய்ந்த நாட்டில் செய்த பைப் இங்கே சில நாளில் ஈரம் குடித்து உப்பும், ஸ்டெம் இறுகும். கழற்றக் கஷ்டமாகிவிட்டால் டெனனில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும், சுரண்ட வேண்டாம். எபோனைட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கந்தகம் மேலே வந்து பச்சைப் பழுப்பாகிவிடும், அதற்கும் உங்கள் மேல் பழி போடுவார்.

செந்தூல்வாசி
இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. பள்ளத்தோடு வாழலாம், களகள சத்தத்தோடு முடியாது. டெனனை மாற்றி, முகத்தை மட்டமாக்கித் தாருங்கள், இரண்டு வழிக் கூரியர் செலவும் உங்களுடையது, அடைப்புக்கான 130 தனி என்று எழுதப் போகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் முழுப்பணம்.

ஜெலுத்தோங்
130-ஐயும் சேர்த்துக் கேட்பது கொஞ்சம் ஓவர்.

காஜாங்_கடைசல்
200 கேளுங்கள் தம்பி, 130-இல் வந்து நிற்கும். திருத்த வேலைக்கு நாள் பிடிக்கும். 14 நாள் கெடு அதற்குள் ஓடிவிடும். பைப் திரும்பி வந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பொட்டலம் கட்டுங்கள்.

புலாவ்_தீக்குஸ்
கட்டும்போது ஸ்டெம்மைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். மாட்டியபடி அனுப்பிப் பெட்டி நசுங்கினால் முறிவது டெனன். அதற்கு முன்னால் கேலிப்பர் எண் தெரிகிற மாதிரி துளை ஆழம் ஒரு படம், டெனன் ஒரு படம், கிளீனர் முட்டி நிற்பது ஒரு படம். கிண்ணத்தின் உட்புறத்தையும் டார்ச் அடித்து எடுத்து வையுங்கள், பற்றவைக்கவில்லை என்பதற்குச் சாட்சி.