மண்ணோடு மண்ணாக வேண்டும் என்கிறார் அப்பா, எப்படி எழுதி வைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் தன் காலத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வைக்க உட்கார்ந்துவிட்டார். உடலுக்கு ஃபார்மலின் (கெடாமல் வைக்கும் ரசாயனம்) ஏற்றக் கூடாது, வார்னிஷ் பூசிய பெட்டி வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றி, சிமென்ட் கட்டாத குழியில் வைக்க வேண்டும், கல்லுக்குப் பதில் மேலே ஒரு மரக்கன்று. குழி ரொம்ப ஆழமாகவும் வேண்டாமாம்; மேல்மண்ணில்தான் காற்றும் நுண்ணுயிரும் அதிகம், சீக்கிரம் மட்கும் என்று விளக்கம் வேறு. (இங்கிலாந்தின் கார்லைலில் 1993-லேயே இப்படி ஓர் இடுகாடு தொடங்கியதைப் படித்ததிலிருந்து இதே பேச்சுதான்.)

என் குழப்பம் வேறு. உயிலில் மட்டும் எழுதினால், அதைப் பிரித்துப் படிப்பதே பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். பவர் பத்திரமும் இறப்போடு செல்லாததாகிவிடும். அதனால் தனிக் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி எழுதியிருந்தால், என்ன வாசகம் வைத்தீர்கள்? நினைத்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன என்பதையும் சேர்த்தீர்களா? அப்புறம், "இதெல்லாம் நம் வழக்கமே இல்லை" என்று குதிக்கும் சித்தப்பா மாதிரி ஆட்களை எப்படிச் சமாளித்தீர்கள்? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.