380 டிராயிங்: ஒரே ப்ராஜெக்ட்டாக வைப்பதா, பிரிப்பதா?

சர்க்யூட்வாசி:
வணக்கம். மின்சுற்று வரையும் மென்பொருளான ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் 380 டிராயிங் வரை வந்துவிட்ட வேலை ஒன்று கையில் இருக்கிறது. ஐந்து மின் பேனல், நான்கு பேர் வரைகிறோம், கோப்பு எல்லாம் சர்வரில். ஆரம்பத்தில் 60 ஷீட்தான் வரும் என்றார்கள், நாங்களும் நம்பி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி ஒரே ப்ராஜெக்ட்டாக ஓட்டினோம். இப்போது ப்ராஜெக்ட் மேனேஜரில் ஒரு ஷீட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் எதற்குத் தேடினோம் என்பதே மறந்துவிடுகிறது.

போன வாரம் பெரிய கூத்து. 42ஆம் ஷீட்டில் ஒருவர் கே105 என்ற பெயரில் ஒரு ரிலே காயில் (ரிலேயை இயக்கும் சுருள்) போட்டிருக்கிறார், 211ஆம் ஷீட்டில் வேறு பேனலுக்கு இன்னொருவரும் அதே கே105. இடையில் பத்துப் பன்னிரண்டு ஷீட்டில் இருக்கும் காண்டாக்ட் (அந்தச் சுருள் இயக்கும் சுவிட்ச்) எல்லாம் எந்தக் காயிலுடையது என்று கையால் பார்த்துப் பிரிக்க இரண்டு நாள் போனது. ஆளுக்கொரு ப்ராஜெக்ட்டாகப் பிரித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. பெரிய வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

பஸ்பார்:
ஆளுக்கொன்று மட்டும் வேண்டவே வேண்டாம். காயில் ஒரு ப்ராஜெக்ட்டிலும் காண்டாக்ட் இன்னொன்றிலும் போய்விட்டால் எது எந்த ஷீட்டில் இருக்கிறது என்று காட்டும் கிராஸ் ரெஃபரன்ஸ் வராது, ஒரு ஷீட்டின் வயர் இன்னொரு ஷீட்டில் தொடர்வதைக் காட்டும் சோர்ஸ் அம்பு டெஸ்டினேஷன் அம்பைத் தேடாது, வயர் நம்பர் தாண்டி வராது. ஒரு நேரத்தில் ஒரு ப்ராஜெக்ட்தான் ஆக்டிவாக இருக்கும், அது தன் பட்டியலில் உள்ள டிராயிங்கைத் தவிர வேறெதையும் பார்க்காது. இப்போது கே105 இரண்டு இருப்பதாவது கண்ணில் பட்டது, பிரித்த பிறகு ஐந்து கே105 இருந்தாலும் யாருக்கும் தெரியாது, பேனல் வயரிங் நடக்கும்போதுதான் தெரியும்.

உங்களுக்கு வேண்டியது பெயரில் ஒழுங்கு. ஐஇசி 81346 என்ற பெயரிடும் தரநிலையின் முறையில் இன்ஸ்டலேஷன், லொகேஷன் குறியீடு இருக்கிறதல்லவா, அதாவது = போட்டு ஒன்று, + போட்டு ஒன்று, அப்புறம் - போட்டு டேக், அதாவது கருவியின் பெயர். ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் டேக் முறையை ஆன் செய்துவிட்டால் +பி1 பேனலின் கே105 வேறு, +பி3 பேனலின் கே105 வேறு. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போதும் முடியும், ஆனால் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதில் செய்து பாருங்கள்.

தேடுகிற தொல்லைக்கு, ப்ராஜெக்ட் மேனேஜரிலேயே பேனலுக்கு ஒரு சப்ஃபோல்டர் போடுங்கள். ஷீட் எண்ணையும் முதல் பேனலுக்கு 100இலிருந்து, இரண்டாவதற்கு 200இலிருந்து என்று இடம் விட்டு வையுங்கள். வயர் நம்பரில் ஷீட் எண் வருகிற மாதிரி அமைத்திருந்தால், நடுவில் ஒரு ஷீட்டை நுழைத்து எண் மாற்றும்போது அதற்குப் பின்னால் இருக்கிற எல்லா வயரும் பெயர் மாறும். ஒருமுறை பட்டிருக்கிறேன், வயரில் மாட்டும் ஃபெரூல் மொத்தமும் அச்சாகி வந்த பிறகு.

டெர்மினல்_ராஜா:
பஸ்பார் சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஐந்து பேனலும் தனித்தனியாகக் கட்டி, தனித்தனியாக சோதித்து அனுப்பப் போகிறார்கள் என்றால் பேனலுக்கு ஒரு ப்ராஜெக்ட் வைப்பதில் தப்பில்லை. பேனலுக்கு நடுவே கேபிள் மட்டும்தான் போகிறது, இரு முனையிலும் டெர்மினல்தான் என்றால் பிரிவதற்கு சாஃப்ட்வேர் தடையில்லை. ஒரு பேனலின் ரிலேயுடைய காண்டாக்ட்டை இன்னொரு பேனல் ஷீட்டில் வரைந்திருந்தால் மட்டும் பிரிக்காதீர்கள். அப்படி எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள், வாதம் அதற்குப் பிறகு. மென்பொருளின் பிழை சோதனையான எலக்ட்ரிக்கல் ஆடிட் ஓட்டினால் இரட்டை டேக், காயில் இல்லாத அநாதைக் காண்டாக்ட் எல்லாம் வந்து நிற்கும், அதுவும் நல்ல கணக்கு.

இன்னொன்று, பேனலில் ஏற்கெனவே வயரிங் நடக்கிறது என்றால் அந்த ஷீட்டின் வயர் நம்பரை எல்லாம் ஃபிக்ஸ் செய்துவிட்டு மற்ற வேலையில் இறங்குங்கள். எண்ணை மறுபடி போடும் ரீடேக் அதைத் தொடாது.

ஃபியூஸ்போனவன்:
நான்கு பேர் சர்வரில் வேலை செய்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ப்ராஜெக்ட்டின் தரவுத்தளம் அவரவர் கணினியில் தனித்தனியாகத்தான் உருவாகிறது. நண்பர் மாற்றியது உங்கள் கணினிக்கு உடனே தெரியாமல் போகலாம், அதனால் பெரிய அப்டேட்டுக்கு முன் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் ரீபில்ட் அல்லது ஃப்ரெஷன் கொடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டை ஓட்டுவது ஒரே ஆள், மற்றவர்கள் ஷீட்டை மூடிவிட வேண்டும், ஏனென்றால் வேறொருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பில் அது எழுத முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அப்புறம், பழைய டிராயிங்கை மொத்தமாக நகலெடுத்துப் புது ஷீட்டில் ஒட்டும் பழக்கம் உங்கள் குழுவில் யாருக்காவது இருக்கிறதா? ஒவ்வொரு டிராயிங்கிலும் கண்ணுக்குத் தெரியாத டபிள்யூடி_எம் என்ற பிளாக் ஒன்று இருக்கும், அந்த ஷீட்டின் அமைப்பெல்லாம் அதில்தான். நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்து இரண்டாகிவிட்டால் அந்த ஷீட் மட்டும் வேறு முறையில் எண் போடும், காரணம் புரியாமல் ஒரு நாள் போகும். ப்ராஜெக்ட் மேனேஜரில் செட்டிங்ஸ் கம்பேர் போட்டால் எந்த ஷீட் ப்ராஜெக்ட் அமைப்போடு ஒத்துப்போகவில்லை என்றாவது தெரியும்.

சர்க்யூட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், பேனல் தாண்டிப் போகும் காயில் 31 இருக்கிறது, அவசர நிறுத்தம் முழுவதும் அப்படித்தான். எனவே ஒரே ப்ராஜெக்ட்தான், சப்ஃபோல்டர் போட்டாகிவிட்டது, லொகேஷன் குறியீட்டை நகலில் வைத்துச் சோதிக்கிறேன். ஃபியூஸ்போனவன் சொன்ன பழக்கம் உள்ள ஆள் நான்தான். 17 ஷீட்டில் டபிள்யூடி_எம் இரண்டிரண்டாக இருக்கிறது, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது சரியானது என்று சுலபமாகக் கண்டுபிடிக்க வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

ஃபியூஸ்போனவன்:
இரண்டையும் அழித்துவிடுங்கள். டிராயிங் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் புதிதாக ஒன்றைப் போடட்டுமா என்று அதுவே கேட்கும், சரி கொடுத்துவிட்டு ப்ராஜெக்ட் அமைப்பைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஷீட் எண்ணை மட்டும் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் அந்த பிளாக்கோடு போய்விடும்.