‘செக்மன்ட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

உப்புவெளியிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். நான் இயன்மருத்துவர். 16 பக்க வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முன்பள்ளிப் பிள்ளைகளும் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களும் எப்படி நடக்கிறார்கள் என்று ஆராய்வதற்கு முன் அவர்களுடைய உடலை அளந்து எழுத வேண்டும். அளக்கப்போகிறவர்கள் முன்பள்ளி ஆசிரியைகளும் பராமரிப்பாளர்களும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

நடையைக் கணக்கிடும்போது உடலை ஒரே பொருளாக எடுப்பதில்லை. தலை, உடல்நடு, மேற்கை, முன்கை, கை, தொடை, கீழ்க்கால், பாதம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் வளையாத ஒரு கட்டையாக வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டைக்கும் நீளம், திணிவு, திணிவு மையம், சடத்துவத் திருப்பம் (சுழற்றப் போனால் எவ்வளவு எதிர்க்கும் என்பது) என்று நாலு எண் வேண்டும். அந்தக் கட்டைக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

முன்பு எங்களிடம் இருந்த தாளில் ‘துண்டம்’ என்று இருந்தது. போன மாதம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அளக்கப் போன ஒரு பிள்ளை, “அம்மா, உங்கட கால் துண்டத்தை அளக்கப் போறம்” என்று சொல்ல, அந்த அம்மா சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். அவருடைய மகனுக்கு ஒரு கால் இல்லை. அந்தச் சொல்லை நான் இனி எழுத மாட்டேன். வேறு ஏதாவது தாருங்கள்.

திருகோணமலை நகர், செவ்வாய் காலை

மகளே, துண்டத்தை விட்டது சரி. ஆனால் தேட ஒன்றும் இல்லை, சொல் நம்மிடமே இருக்கிறது: உறுப்பு.

நன்னூலைப் பாருங்கள். பகுபதத்துக்கு ஆறு உறுப்பு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். ‘நடந்தனன்’ என்பதை 40 வருஷம் கரும்பலகையில் பிரித்துக் காட்டியிருக்கிறேன். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் விகுதி. ஒன்றோடு ஒன்று பொருந்தி நின்று ஒரு வேலையைச் செய்பவை உறுப்பு. நீங்கள் காலைப் பிரிப்பதும் இதே முறைதானே? நடக்கிறவனைப் பிரிக்கிறீர்கள், நாங்கள் ‘நடந்தனன்’ என்ற சொல்லைப் பிரிக்கிறோம். உறு என்றால் பொருந்து, சேர். உறுவது உறுப்பு.

உள்ளே இருக்கும் ஈரலும் உறுப்புத்தானே என்று யாராவது கேட்பார்கள். வள்ளுவர் “புறத்துறுப் பெல்லாம் எவன்செய்யும்” என்று அதையும் பிரித்து வைத்துவிட்டார். புறத்துறுப்பு என்று எழுதுங்கள், முடிந்தது.

கிண்ணியாவிலிருந்து, செவ்வாய் மாலை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் உயிரியல் படிப்பிக்கிறேன். சேர் சொன்ன ‘உறுப்பு’ தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் நேரே சிறுநீரகத்தையும் இதயத்தையும் குறிக்கும். இலங்கையில் நமக்கு அது அங்கம். ஆனாலும் பிள்ளைகள் இப்போது இரண்டு பக்கத்து யூடியூபும் பார்க்கிறார்கள், குழம்புவார்கள்.

தாவரவியலில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் இருப்பதைக் கணுவிடை என்கிறோம். கரும்பை எடுத்துப் பாருங்கள், மூங்கிலை எடுத்துப் பாருங்கள். மனிதக் காலும் அப்படித்தான், மடங்கும் இடத்தில் கணு. கணுக்கால் என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? கணுவிடை கடினம் என்றால் மூட்டிடை என்று வைக்கலாம். முழங்கால் மூட்டுக்கும் இடுப்பு மூட்டுக்கும் இடைப்பட்டது தொடை. சொல்லே வரைவிலக்கணத்தைச் சொல்லிவிடும்.

உப்புவெளியிலிருந்து, செவ்வாய் இரவு

> சொல்லே வரைவிலக்கணத்தைச் சொல்லிவிடும்.

நானா, அழகான சொல். வாசித்ததும் மகிழ்ந்தேன். ஆனால் பாதத்துக்கு மேலே மட்டும்தான் மூட்டு, கீழே தரை. தலைக்குக் கழுத்துப் பக்கம் மட்டும்தான். இன்னொன்று, எக்ஸ்ரேயில் முழங்கால் எலும்புகளுக்கு நடுவே தெரியும் வெளியைத்தான் நாங்கள் மூட்டு இடைவெளி என்கிறோம். முதியவர்களிடம் தேய்வது அதுதான். மூட்டிடை என்று எழுதினால் பராமரிப்பாளர் நாடாவை எடுத்துக்கொண்டு முழங்கால் சில்லைச் சுற்றுவார்.

திருகோணமலை நகர், புதன் அதிகாலை

கணு என்றதும் நித்திரை வரவில்லை. யாரோ தனிமடலில் ‘கண்டம்’ என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். கண்டம் என்றால் துண்டு, சரி. நிலப்பரப்பும் கண்டம், கழுத்தும் கண்டம்; நீலகண்டனை வணங்குகிற ஊர் இது. அப்புறம் சாதகத்தில் வருகிற கண்டம் வேறு. 80 வயதுக்காரரிடம் போய் உங்களுக்கு எட்டுக் கண்டம் என்று சொல்வீர்களா?

புறத்துறுப்பு என்பதிலேயே நிற்கிறேன்.

நிலாவெளியிலிருந்து, புதன் காலை

வணக்கம். பௌதிகவியல் ஆசிரியன். சொல்லைப் பற்றிப் பேசும்போது எண்ணையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எண்தான் எந்தச் சொல் சரி என்று காட்டுகிறது.

அமெரிக்காவில் டெம்ஸ்டர் 1955இல் வெளியிட்ட அட்டவணை எட்டு ஆண்களின் சடலங்களை வெட்டி நிறுத்துப் பெற்றது. அதன்படி ஒரு தொடை உடலின் 10 சதவீதம். சோவியத் ஆய்வாளர் சட்சியோர்ஸ்கி உயிருள்ள இளவயதினரைக் காமாக் கதிர் கொண்டு அளந்தார். அதை டி லேவா 1996இல் மூட்டு மையங்களுக்கு ஏற்பத் திருத்தினார். அதில் ஆணின் தொடை 14.16 சதவீதம், பெண்ணுக்கு 14.78. 60 கிலோ ஆணுக்கு ஒரு அட்டவணையில் தொடை 6 கிலோ, மற்றதில் எட்டரைக் கிலோ! ஆட்களும் முறையும் வேறு என்பது ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், இடுப்பில் கோடு போட்ட இடம் வேறு. தொடைக்குப் போகாத சதை உடல்நடுவின் கணக்கில் சேரும்.

ஆகவே இது இயற்கை தந்த உறுப்பு அல்ல. ஈரலுக்கு எல்லை ஈரலிலேயே இருக்கிறது. இந்தத் தொடைக்கு எல்லை நாம் கோடு போட்ட இடம். நாம் பகுத்தோம் என்பது சொல்லில் தெரிய வேண்டும். ‘உடற்பகுதி’ என்பது என் கருத்து. எல்லாருக்கும் விளங்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சென்னையில் இருந்து வந்த அட்டவணையைப் பார்த்து எழுதுவதானால் கவனம். அங்கே ‘நிறை’ என்று இருப்பது நம்முடைய திணிவு. நம்முடைய நிறை அங்கே எடை. தலைப்பில் ‘நிறை’ என்று கண்டு அப்படியே விட்டால் என் மாணவன் அதைத் திணிவாக்க 9.8ஆல் பிரிக்கப் போய்விடுவான்.

திருகோணமலை நகர், புதன் மதியம்

தம்பி, எண்ணை ஏற்றுக்கொள்கிறேன். சொல்லை ஏற்க முடியாது. பகுதி, விகுதி இரண்டும் பிரகிருதி, விகிருதி என்ற வடசொற்களின் திரிபு. தமிழில் நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் எடுக்க வேண்டும்? போகட்டும், தமிழ் என்றே வைத்துக்கொண்டாலும், ஆறு உறுப்பில் ஒன்றின் பெயர் பகுதி. ஒன்றின் பெயரைத் தூக்கி எல்லாவற்றுக்கும் வைத்தால் மற்ற ஐந்தும் என்ன ஆவது?

நிலாவெளியிலிருந்து, புதன் மதியம்

சேர், இலக்கணத்தில் வரும் பகுதி பிரகிருதியாக இருக்கட்டும். நான் சொல்வது பகு என்ற வினையில் பிறந்த பகுதி. “பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்” என்ற அதே பகு. இரண்டும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

மூதூரிலிருந்து, புதன் இரவு

ஐயாமாருக்கும் மிஸ்ஸுக்கும் வணக்கம். நான் 22 வருஷமாக மிட்வைஃப். இலக்கணம் தெரியாது, ஆனால் இந்தச் சொற்களை வீட்டுக்கு வீடு வாயால் சொல்லப்போகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

உறுப்பு வேண்டாம் ஐயா, மன்னிக்க வேண்டும். கிளினிக்கில் நாங்கள் வெளிப்படையாகச் சொல்லக் கூசும் இடத்துக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். வயதான ஒரு பெண்ணிடம் உறுப்பை அளக்க வேண்டும் என்றால் அடுத்த முறை கதவு திறக்காது.

ஒரு சொல் தப்பினால் அளவும் தப்பும் என்பதற்கு எங்கள் வேலையிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டு வயதுக்குள் பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் அது நீளம், பிறகு நிற்க வைத்து அளந்தால் அது உயரம். ஒரே பிள்ளையை இரண்டு விதமாகவும் அளந்தால் நீளம் 0.7 சென்ரிமீற்றர் அளவுக்குக் கூட வரும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் தந்த வளர்ச்சி அளவுகளில் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டையும் ‘உயரம்’ என்று எழுதிவிட்டு, பிள்ளை வளரவில்லையே என்று பயப்படுவார்கள்.

உடற்பாகம் என்று வைத்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். பிறகு அப்பாவின் ஞாபகம் வந்தது. கடல் தொழில். ஆழம் பார்க்கக் கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்குவார். இழுத்து எடுக்கும்போது ஈரக் கயிற்றை இரண்டு கையையும் விரித்துப் பிடித்து, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, மறுபடி விரித்து, ஒரு பாகம், ரெண்டு பாகம் என்று எண்ணுவார். எங்கள் கரையில் பாகம் என்றால் அதுதான். ஆகவே உடற்பாகமும் வேண்டாம். உடற்பகுதி என்றால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உப்புவெளியிலிருந்து, புதன் நள்ளிரவு

அக்கா! நான் கேட்காத கேள்விக்குப் பதில் தந்துவிட்டீர்கள். கூன் விழுந்த முதியவரின் உயரத்தை நேராக அளக்க முடியாது. முள்ளந்தண்டு சுருங்கும், கை எலும்பு அப்படிச் சுருங்காது. அதனால் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து பழைய உயரத்தைக் கணிப்போம். கை விரிக்க முடியாதவருக்கு முழங்கால் உயரம். அந்தக் கைவிரிப்புக்கு ‘விரிகர நீளம்’ என்று எழுதிவிட்டு, எனக்கே பிடிக்காமல் இருந்தேன். பாகம் என்று ஒரு சொல் நம் கரையில் உயிரோடு இருக்கிறதே.

கோணேசபுரியிலிருந்து, வியாழன் காலை

சித்த மருத்துவ மாணவன். பேச்சு உடலால் உடலை அளப்பதற்கு வந்ததால் எழுதுகிறேன். மணிக்கடை நூல் பார்ப்பது எங்கள் பாடத்தில் உண்டு. மணிக்கட்டுப் பக்கத்தை நூலால் சுற்றி எடுத்து, அதை நோயாளியின் சொந்த விரற்கடையால் எண்ணுவோம். வைத்தியரின் விரல் உதவாது. பெரியவனும் சின்னவனும் தன் தன் அளவில் நிற்கிறான்.

அப்போது எண்சாண் உடம்பு என்கிறோமே, அது பிள்ளைக்கும் சரிவருமா என்று நேற்று இரவு வீட்டில் அளந்தேன். எனக்கு 170 சென்ரிமீற்றர், சாண் 21. எட்டுச் சாணும் கொஞ்சமும். அக்காவின் மகளுக்கு ஆறு வயது, 114 உயரம், சாண் 14. அதுவும் எட்டுச் சாணும் கொஞ்சமும்! எறும்பும் தன் கையால் எண்சாண்தான். அம்மம்மாவுக்கு 145, சாண் 19. எட்டுச் சாணுக்கு 7 சென்ரிமீற்றர் குறைகிறது. அந்த ஏழும் முதுகில் போனது என்று அம்மா சொல்கிறார்.

ஆனால் நாடியிலிருந்து (மோவாயிலிருந்து) உச்சி வரை தலையை அளந்தபோது வேறு கதை. எனக்கு 23, உயரத்தில் ஏழில் ஒன்றுக்கும் குறைவு. பிள்ளைக்கு 19, ஆறில் ஒன்று. பிறந்த குழந்தைக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒன்று என்று படித்திருக்கிறேன். கை உடலோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது, தலை முந்திவிட்டது. பெரியவர்களின் அட்டவணையை அப்படியே பிள்ளைக்குப் போட்டால் தலையின் திணிவு குறைந்து, காலின் திணிவு கூடிவிடும். இதை வழிகாட்டியில் ஒரு வரியாவது போடுங்கள் அக்கா.

தம்பலகாமத்திலிருந்து, வியாழன் மதியம்

வயல் பக்கத்து ஆள் நான். பாகம் என்றால் எங்களுக்குப் பங்கு, அல்லது சமையல் பக்குவம். கைவிரிப்பு என்று பக்கத்தில் எழுதாவிட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் விளங்காது. மற்றபடி உடற்பகுதிக்கு என் கையும் ஒன்று.

கிண்ணியாவிலிருந்து, வியாழன் மாலை

உடற்பகுதியை ஏற்கிறேன், வழிகாட்டிக்கு மட்டும். என் வகுப்பில் மூட்டிடை என்றுதான் சொல்லப்போகிறேன். கரும்பைக் காட்டினால் பிள்ளை மறக்காது. ‘பராமீற்றர்’ என்பதற்குப் பரமானமா அளவுருவா என்ற கேள்வியை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்வோமா?

உப்புவெளியிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் உடற்பகுதி, ஒருவர் பாதி மனதோடு, சேர் மட்டும் புறத்துறுப்பு. உடற்பகுதி என்றே போகிறது. முதல் பக்கத்தில், ‘கணக்குக்காக நாம் கோடு போட்டுப் பிரித்தது, கோடு எங்கே என்பதைப் படத்தில் பார்க்கவும்’ என்று சேர்த்திருக்கிறேன். திணிவு, திணிவாகவே இருக்கிறது. பாகம் (கைவிரிப்பு) என்று 11ஆம் பக்கத்தில், கையை விரித்து நிற்கும் ஒரு ஆச்சியின் படத்தோடு. பிள்ளைகளின் தலை பற்றிய வரியும் வந்துவிட்டது. கடைசிப் பிரதியை இணைத்திருக்கிறேன். சேர், கோபிக்க வேண்டாம்.

திருகோணமலை நகர், வெள்ளி அதிகாலை

கோபம் இல்லை மகளே. அந்த மூதூர்ப் பிள்ளை சொன்ன காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பகுதி பொருந்தவில்லை என்பதே என் முடிவு, அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

16 பக்கமும் வாசித்தேன். 4, 9, 13ஆம் பக்கங்களில் ‘உடல்பகுதி’ என்று இருக்கிறது. லகரம் றகரமாக வேண்டும். அச்சகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?