கி.பி. 3000-இல் நம் பழைய இணையப் பக்கங்களைத் திறப்பவர் என்ன நினைப்பார்?

கரிசல்காட்டான்:
ஆயிரம் வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் 1998-ஆம் ஆண்டு வலைப்பக்கம் ஒன்றைத் திறக்கிறார் என்று வையுங்கள். மஞ்சள் பலகைக்குள் ஒருவர் மண்வெட்டியால் குத்திக்கொண்டே இருக்கிறார், கீழே 'பணி நடைபெறுகிறது'. அடுத்த பக்கத்திலும் அதே ஆள், அதே மண்வெட்டி. ஊரே கொத்தனார்கள், ஆனால் ஒரு கட்டடத்தையும் முடிக்கவில்லை என்றுதான் எழுதி வைப்பார். இதையெல்லாம் எதற்குச் சேமிக்க வேண்டும்? யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ 1999-இல் வாங்கி, 2009 அக்டோபரில் மூடியது. போனது போகட்டும்.

நெய்தல்:
அப்படிச் சொல்லாதீர்கள் நண்பரே. கோவிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கின் நெய்க்காக, எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய 'சாவா மூவாப் பேராடு' இத்தனை என்று வெட்டிய கல்வெட்டும் அன்றைக்கு வெறும் வரவுக்கணக்குதான், இன்றைக்கு சோழர் காலத்துக் கால்நடை, நெய், வாழ்க்கை எல்லாம் அதிலிருந்துதான் தெரிகிறது. ஜியோசிட்டீஸ் மூடுமுன் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்தார்களே, அவர்களுக்கு நான் கும்பிடு போடுவேன்.

எழுத்துரு:
நகல் மட்டும் போதாது. நம் பக்கங்களின் கதை வேறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவும் முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு). அப்படிப்பட்ட குறியேற்றங்களில் ஒன்றான திஸ்கியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்து பாருங்கள்: 'த' இருந்த இடத்தில் முக்கால் என்னும் பின்னக்குறி, 'ம'வுக்குத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, இகரக் கொக்கிக்கு அமெரிக்க சென்ட் குறி! நாம் உருகி உருகி எழுதிய கவிதையை அந்த ஆய்வாளர் மளிகைக்கடைப் பேரேடு என்றே முடிவுகட்டுவார். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய மின்னூல்களை யூனிகோடுக்கு மாற்ற ஆள் இருந்தார்கள், அதனால் பிழைத்தன. தனியாளின் பக்கங்களுக்கு யார் இருக்கிறார்கள்? எழுத்துருக் கோப்பையும் குறியேற்ற அட்டவணையையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
சரி, பேரேடு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் பக்கத்துக்கு வந்தவர்கள் குறிப்பெழுதிவிட்டுப் போகும் அந்தக் காலத்து விருந்தினர் ஏட்டில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்தார்கள். அவர்களைக் கேட்காமல் காலத்துக்கும் காட்சிக்கு வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

நெய்தல்:
அதை மறைத்துவிட்டுச் சேமிப்போம், யார் வேண்டாம் என்றது? முழுப் பக்கத்தையும் அழிக்க அது ஒரு காரணமா? அந்த மண்வெட்டி ஆள் இருக்கட்டும், அவரைப் பார்த்து கி.பி. 3000-இல் நாலு பேர் வயிறு வலிக்கச் சிரிக்கட்டுமே.