குன்னூர்க் குளிரில் மட்டும் தலைகாட்டிய லீன் கோளாறு

பி0171 என்ற குறியீட்டோடு, அதாவது கலவையில் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லை (லீன்) என்ற எச்சரிக்கையோடு, செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் கை வைப்பது ஆக்சிஜன் சென்சாரில்தான். எங்கள் காருக்கும் அதுவே நடந்தது. அது 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய ஜப்பானிய செடான். உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மூலம் அளக்கும் வகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், தடுமாறும். ஏற்றத்தில் நகர்த்தினால் இழுவை விட்டுவிட்டு வரும். சற்றுத் தூரம் ஓடிச் சூடேறியதும் ஒரு குறையும் இல்லாத வண்டியாகிவிடும். கோயம்புத்தூரில் காட்டியபோது, மலையிறங்கி நன்றாகச் சூடேறி வந்து நின்ற இன்ஜினில் அவர்களுக்கு எதுவும் தென்படவில்லை. சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்துக் கொடுத்தார்கள். குன்னூர் திரும்பியபின் அதே விளக்கு மீண்டும் எரிந்தது.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் கலவை மெலிந்திருக்கிறது என்று சென்சார் தெரிவிக்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ அதற்கேற்ப, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அந்தக் கூடுதலின் விழுக்காடுதான் ஃபியூயல் ட்ரிம். இந்தக் குறியீடு வருகிறது என்றால், இசியூ தன்னால் இயன்றவரை எரிபொருளைக் கூட்டிப் பார்த்தும் போதவில்லை என்று பொருள். உள்ளதை உள்ளபடி சொன்ன சென்சாரை மாற்றுவதால் கலவை சரியாகாது. மலையில் காற்று மெலிந்திருப்பதால்தான் லீன் ஆகிறது என்று ஒருவர் எங்களிடம் உறுதியாகச் சொன்னார். உயரம் கூடினால் காற்றில் ஆக்சிஜன் குறையும். இன்ஜின் அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் எரிபொருள் மிகுந்து கலவை கெட்டிப்படுமே தவிர மெலியாது.

குன்னூரில் நாங்கள் நம்பிப் போகும் மெக்கானிக் கேட்டது ஒன்றுதான்: “சார், நைட்டு வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது.” குறியீட்டை அழிக்கும் முன் அதனுடன் பதிவாகியிருந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் தகவலை, அதாவது கோளாறு பதிவான கணத்தில் இன்ஜின் இருந்த நிலையை, அவர் படித்தார். கூலன்ட் வெப்பம் 41 டிகிரி, வண்டி ஐடிலில். கோளாறு எப்போது வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காமல் அழித்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

மறுநாள் விடியற்குளிரில் ஸ்கேனரை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யத் தொடங்கியதும் அந்தந்தக் கணத்தின் திருத்தமான குறுகிய கால ட்ரிம் +18, இசியூ கற்று வைத்திருக்கும் திருத்தமான நீண்ட கால ட்ரிம் +19 என்று நின்றன. இரண்டையும் கூட்டினால் 37. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தியபோது கூட்டுத்தொகை பத்துக்குக் கீழே இறங்கியது. நோயறிதலின் பாதி வேலை இந்த ஒரு வேறுபாட்டில் முடிந்துவிடுகிறது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது என்றால், உள்ளே போகும் மொத்தக் காற்று குறைவாக இருக்கும் ஐடிலில் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது அந்தப் பங்கு சுருங்கிவிடும். எரிபொருள் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். சுமை ஏற ஏறத்தான் ட்ரிம் கூடும். ஐயத்துக்கு இடம் வைக்காமல் கேஜ் மாட்டிப் பார்த்ததில் எரிபொருள் அழுத்தமும் 3 பாருக்கு மேல் சரியாகவே இருந்தது.

காற்றை நேரடியாக அளக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள சிறிய கார்களில் இந்தக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. அங்கே கசியும் காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் சேர்ந்தே அளக்கப்படுவதால், லீன் குறியீட்டைவிட ஐடில் ஏறி நிற்பதுதான் பெரும்பாலும் அடையாளம்.

இன்ஜின் சூடேறும் முன்பே, மேனிஃபோல்டு சிலிண்டர் தலையோடு சேரும் விளிம்பில் கார்புரேட்டர் கிளீனரை இம்மி இம்மியாகப் மெக்கானிக் பீய்ச்சினார்; கசிவு இருந்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு எரிபொருளாக எரியும். மேனிஃபோல்டோடு இணையும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகிய குழாய்கள் அருகே மாற்றமில்லை. நான்காவது சிலிண்டர் பக்கம் பட்ட கணத்தில் ஐடில் சீரானது, ட்ரிம் சரசரவென்று இறங்கியது. இந்தச் சோதனையைச் சூடான இன்ஜினில் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும். புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் காட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்களிடம் போவது இன்னும் பாதுகாப்பானது, ஆனால் அங்கும் இன்ஜின் குளிர்ந்திருந்தால்தான் இந்தக் கசிவு அகப்படும். சூடேறினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் ரப்பரும் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகின்றன. அரை மணி நேரம் ஓடிய பிறகு நீண்ட கால ட்ரிம் +19-லேயே நிற்க, குறுகிய கால ட்ரிம் −11-க்கு இறங்கியிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். கசிவு மூடிக்கொண்டதால், காலையில் கற்ற கூடுதலை இசியூ குறைத்துக்கொண்டிருந்தது.

மேனிஃபோல்டைக் கழற்றியபோது, பள்ளத்தில் பதிந்திருந்த கேஸ்கட், அதாவது இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர், நகம் வைத்து அழுத்தினாலும் தடம் விழாத அளவுக்கு இறுகியிருந்தது. புதியது பள்ளத்துக்கு மேலே எழும்பி நிற்க, பழையது விளிம்போடு சமமாகப் படுத்துக் கிடந்தது. நான்காவது துளையின் ஓரத்தில் கரும்படிவின் நடுவே காற்று போன வழி மட்டும் சுத்தமான கோடாகத் தெரிந்தது. இரு முகங்களையும் துடைத்து, புதிய கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சால் முறையாக முடுக்கினார். மற்றதெல்லாம் வழக்கமான பூட்டும் வேலை.

அடுத்த குளிர் காலையில் ஐடில் ட்ரிம்களின் கூட்டுத்தொகை +7. அது பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு வேண்டிய காற்று 14.7 அன்று, ஏறத்தாழ 13.5 பங்குதான். பழைய பெட்ரோலுக்காக வடிவமைத்த இன்ஜின் அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய 6 முதல் 8 விழுக்காடு வரை கூடுதலாகத் தெளிக்கத்தான் செய்யும். ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் அது ஒரே அளவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எங்கள் வண்டியில் இரண்டிலும் அதே 7 நிற்கிறது.