வேலை முடிந்த வீட்டுக்காரர் மறுபடியும் கூப்பிட என்ன செய்யலாம்?

செங்காங் தம்பி:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) உரிமம் எடுத்து, சொந்தமாக ரெனோவேஷன் செய்ய ஆரம்பித்து 2 வருடம் ஆகிறது. 14 வீடு முடித்துவிட்டேன். யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அதில் ஒரே ஒருவர்தான் இன்னொருவரிடம் என் நம்பரைக் கொடுத்தார். மற்றதெல்லாம் விளம்பரத்தில் காசைக் கொட்டித்தான் வருகிறது. விலையைக் குறைப்பதா, ஆள் சொல்பவருக்குக் கமிஷன் கொடுப்பதா?

ஈசூன் அண்ணன்:
விலையில் கை வைக்காதீர்கள் தம்பி. நான் 19 வருடமாக இதே தொழில்தான்.

ஒரு மறுவிற்பனை வீட்டில் குளியலறைத் தரையை உடைத்துப் புது டைல்ஸ் போட்டோம். கசிகிறதா என்று தரையில் தண்ணீர் கட்டிப் பார்ப்பதை அவசரத்தில் விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம். பணமெல்லாம் வாங்கி முடித்தாயிற்று. தகவல் வந்த அன்று மாலையே போய், முதலில் கீழ்வீட்டு அம்மாவைப் பார்த்து, "தப்பு என்னுடையது, நானே சரி செய்கிறேன்" என்றேன். தண்ணீர் இறங்கும் குழியின் ஓரத்தில்தான் கசிவு. டைல்ஸைப் பெயர்த்து, வாட்டர்ப்ரூஃபிங் புதிதாக அடித்து, 24 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். அப்புறம் கீழே ஏணி போட்டு, அவர் கண் முன்னாலேயே சீலிங்கைத் தடவிக் காட்டினேன். கை காய்ந்தே இருந்தது. செலவு முழுக்க என்னுடையது. வீவக வீட்டில் இப்படி ஒழுகினால் மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் பொறுப்பு உண்டு. அந்த அம்மா அதை நினைத்தே தூங்காமல் இருந்திருக்கிறார். அடுத்த வருடம் அவருடைய சமையலறை வேலை எனக்கு வந்தது. பிறகு உட்லண்ட்ஸில் அவர் தங்கை வீடு.

இன்னொன்று. வீவக புதிதாகக் கட்டிக் கொடுக்கும் பிடிஓ வீட்டில் குளியலறை டைல்ஸை 3 வருடத்துக்கு உடைக்கக் கூடாது. கேட்பவரிடம் அதை நேராகச் சொல்லிவிட்டு, தேதியைக் குறித்துக்கொள்வேன். 3 வருடம் முடிந்ததும் ஒரு போன்.

ஜூரோங் அக்கா:
நான் வீட்டுக்காரி. கமிஷன் வேண்டாம் தம்பி. காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்று தெரிந்தால் என் அண்ணியே நம்ப மாட்டார். எங்கள் வீட்டு ரெனோவேஷன் செய்த குத்தகையாளரை 4 பேரிடம் சொல்லியிருக்கிறேன். சுவரைப் பூசி மூடும் முன் குழாயும் வயரும் போகும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பூஜை அலமாரி மாட்டும்போது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டிரில் போட்டோம். எதிர்வீட்டில் கைக்குழந்தை என்று தெரிந்ததும், ஹேக்கிங் (உடைக்கும் வேலை) எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவரே போய்ச் சொன்னார். மாலை 5 மணிக்குச் சத்தம் நின்றுவிடும்.

செங்காங் தம்பி:
நன்றி அண்ணே, அக்கா. பழைய 14 வீட்டையும் இப்போது கூப்பிட்டால், வேலை கேட்டு வருவதாக நினைக்க மாட்டார்களா?

ஈசூன் அண்ணன்:
வேலைப் பேச்சே எடுக்காதீர்கள். சிங்க் அடியில் கசிகிறதா, அலமாரிக் கதவு தொங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். தீபாவளிக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, ஸ்க்ரூடிரைவரும் சிலிக்கானும் எடுத்துக்கொண்டு போங்கள். டைல்ஸ் பெயர்க்க வேண்டியிருந்தால் வார நாளுக்குத் தள்ளி வையுங்கள், சனிக்கிழமை சத்த வேலை கூடாது.