எவால்டின் பித்தளை குவின்டெட்: ட்ராம்போன் பகுதி ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?

கேள்வி:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ரஷ்ய இசையமைப்பாளர் விக்டர் எவால்ட் ஐந்து பித்தளை வாத்தியங்களுக்கு எழுதிய முதல் குவின்டெட்டை, பி ஃப்ளாட் மைனரில் உள்ள ஓபஸ் 5-ஐ, ஒரு மாதமாகப் பழகி வருகிறோம். நான் ட்ராம்போன், ஸ்லைடு எனும் குழாயை நீட்டி மடக்கி ஸ்வரம் பிடிக்கும் வாத்தியம். மெட்டு என்னிடம் வரும்போதெல்லாம் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு ஸ்லைடு போகும் வழியெல்லாம் காதில் விழுகிறது, மேலே ட்ரம்பெட் இரண்டும் ஓங்கி நிற்க, மொத்தமும் ஊர்வல பேண்டு மாதிரி ஆகிவிடுகிறது. பதிவுகளில் அவ்வளவு மிருதுவாக இருக்கிறதே, எங்கே தப்பு?

பதில் 1:
உங்கள் மேல் தப்பே இல்லை. அது ஸ்லைடு ட்ராம்போனுக்காக எழுதிய பகுதியே அல்ல. எவால்ட் நினைத்தது இரண்டு கார்னெட் (ட்ரம்பெட் போன்றது, ஒலி இன்னும் மென்மை), ஆல்டோ ஹார்ன், டெனர் ஹார்ன், டியூபா. ஐந்துமே விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றும் வால்வு வைத்தவை. குழாய் போகப் போக விரியும் என்பதால் ஒலி உருண்டையாக, ஒன்றோடொன்று கரைந்து வரும். இன்றைய குழுக்கள் அந்த டெனர் ஹார்ன் பகுதியைத்தான் ட்ராம்போனிடம் கொடுக்கின்றன. விரல் அழுத்தினால் வருவதை நீங்கள் கையை நீட்டிப் பிடிக்கிறீர்கள்! டெனர் ஹார்ன் போலவே வால்வு வைத்த யூஃபோனியம் இரவல் கிடைத்தால் ஒருமுறை அதில் வாசித்துப் பாருங்கள், அப்புறம் ட்ராம்போனில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று காதுக்கே தெரிந்துவிடும்.

பதில் 2:
எவால்ட் தொழிலால் சிவில் என்ஜினியர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியர். மாலையில் வயலின் குடும்பத் தந்தி வாத்திய நால்வர் குழுவில் செல்லோ வாசித்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் டியூபா மெட்டை எடுக்கிறதே, அது செல்லோக்காரர் எழுதிய வரி என்று உடனே புரியும். ட்ரம்பெட்காரர்களிடம் முதல் வயலின், இரண்டாம் வயலின் என்று நினைத்து வாசிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கார்னெட்டுக்கே மாறச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் அந்த ஒரு மாற்றத்திலேயே நடுக் குரல்கள் வெளியே வந்தன. இரண்டாம் பகுதியின் நடுவில் வேகமாக வரும் ஐந்து எண்ணிக்கை இடத்தை, ஐந்தைந்தாக எண்ணும் 'கண்ட' நடையாகக் கையில் போட்டுப் பழகுங்கள், யாரும் தடுமாற மாட்டார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. யூஃபோனியம் ஒரு நண்பரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிடுகிறேன். அதுவரை ட்ராம்போனில் என்ன செய்வது?

பதில் 1:
'டு' என்று தட்டாமல் 'லு' என்று நாக்கைத் தொட்டும் தொடாமலும் விடுங்கள். காற்றை நிறுத்தவே கூடாது. ஸ்லைடை முன்கூட்டி நகர்த்தாமல், ஸ்வரத்தின் முழு நீளமும் முடிந்த பிறகு ஒரே வீச்சில் கொண்டு போங்கள்.